மூட்டத்துக்குள் ஐம்பது நிமிடம்

சார்,

இன்று காலை பக்கத்து வீட்டில் நனைந்த கம்பளி ஒன்றைக் கணப்புக்கு முன்னால் விரித்துக் காயப் போட்டிருந்தார்கள். ஈரமும் புகையும் ஆட்டு மயிரும் கலந்த அந்த வாசனை ஜன்னல் வழியாக என் சமையலறைக்குள் வந்தது. கையில் இருந்த காப்பித் தம்ளரை அவசரமாக மேடையில் வைத்தேன். வைக்காவிட்டால் விழுந்திருக்கும். ஓய்வு பெற்று, மறுபடி இந்தக் கொடைக்கானலுக்கே வந்து, எழுபது வயதையும் தாண்டிவிட்டேன். பகல் வெளிச்சத்தில், சொந்த வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஆனாலும் விரல் நுனியில் தொடங்கி முழங்கை வரை ஏறும் அந்தக் குளிர் வந்துவிட்டது. உங்கள் கடற்படைக் கம்பளிக் கோட்டு கிளாவரை மலைக்கிராமத்தில் பொன்னையா வீட்டு நெருப்பில் காய்ந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலம் என்னைப் பிடித்த பயம் அது.

நீங்கள் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் இருந்தபோது உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் வருகிறீர்கள் என்ற செய்தி வந்தபோதே நாங்கள் பயந்தோம். அறுபதுகளின் தொடக்கம் அது. நம் கல்லூரி அப்போது மிகச் சின்னது. வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன பங்களா, பின்னால் தகரக்கூரை போட்ட மூன்று வகுப்பறை, பதினோரு ஆசிரியர்கள். பழைய பிரின்சிபால் போன பிறகு ஆறு மாதம் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. கடற்படையில் கமாண்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கமிட்டி நியமித்திருக்கிறது என்றார்கள். கணக்கில் எம்.ஏ., மாலுமிகளுக்குக் கணக்கும் கடலில் திசை அறிவதும் சொல்லிக்கொடுத்தவர் என்றார்கள். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவர் மகன், பதினெட்டு வயதில் ஊரை விட்டுப் போனவர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

"இனிமே நம்மளையும் வாளியும் துடைப்பமுமா நிக்க வச்சிருவாருங்க," என்றார் சரித்திர வாத்தியார். அவர் மட்டும் சிரித்தார்.

முதல் வாரமே எட்டரை மணிக்குக் கேட்டைப் பூட்டச் சொன்னீர்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் முதல் வகுப்பு முடியும் வரை வெளியேதான் நிற்க வேண்டும். மூன்றாம் நாள் மழையில் ஒரு பெண் வெளியே நின்றாள். பாவாடை முழங்கால் வரை சேறு. புத்தகங்களை வாழை இலையில் சுற்றி மாரோடு அணைத்திருந்தாள். என் தாவரவியல் வகுப்புப் பெண், செல்லத்தாயி. பள்ளங்கி கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள்தான்.

நீங்கள் கேட்டுக்கு உள்ளே நின்றபடியே கேட்டீர்கள். "ஏன் லேட்டு?"

"நடந்து வாரேன் சார், பள்ளங்கியிலேருந்து."

"எத்தனை மணிக்குக் கெளம்புவ?"

"வெள்ளனே அஞ்சு மணிக்கெல்லாம் கெளம்பிருவேன் சார். மழ பேஞ்சா வழி முழுக்கச் சேறா கெடக்கும். வெரசா ஏற முடியாது."

நீங்கள் திரும்பி அறைக்குப் போய்விட்டீர்கள். கேட்டும் திறக்கவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. கோபத்தைக் காட்டும் தைரியம் வரவில்லை.

அன்று மாலை அந்தப் பக்கம் போகும் ஒரே பஸ்ஸைப் பிடித்துப் பள்ளங்கிக்குப் போய்த் தங்கி, மறுநாள் விடியற்காலை அவளோடும் இன்னும் நாலு மாணவர்களோடும் நீங்களே நடந்து ஏறி வந்தீர்கள். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கேட் பூட்டியிருந்தது. அட்டெண்டர் சாவியோடு ஓடி வந்தார். "வேணாம்ப்பா. பெல் அடிக்கட்டும்," என்று சொல்லி, தொப்பலாக நனைந்து, பிள்ளைகளோடு சேர்ந்து வெளியிலேயே நின்றீர்கள். முதல் வகுப்பு முடியும் வரை நின்றீர்கள். பிறகு எல்லோரையும் புல்வெளியில் கூட்டி, "நான் போட்ட கணக்கு தப்பு," என்று நாலே வார்த்தை சொன்னீர்கள். அந்தக் கேட் அப்புறம் பூட்டப்பட்டதே இல்லை.

அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு உங்கள் மேல் இருந்த பயம் போய்விட்டது. வாத்தியார்களாகிய எங்களுக்குப் போகவில்லை. காரணம், தினமும் ஒன்பது மணிக்கு எங்கள் அறைக்கு வந்து நீங்கள் கேட்ட கேள்வி. "இன்னைக்கு என்ன தப்பா இருக்கு?" ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். முன்பு இருந்தவரிடம் குறை சொன்னவர்கள் பட்ட பாடு எங்களுக்கு ஞாபகம் இருந்தது. "கெட்ட சேதி எங்கிட்ட மொதல்ல வரணும். நல்ல சேதி சாயந்தரம் வந்தாப் போதும். கெட்ட சேதி கொண்டாந்தவங்கள நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்," என்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நம்புவதற்குத்தான் மனசு வரவில்லை.

இரண்டாம் வருடம் கிளாவரைக்கு மேலே இருக்கும் சோலைக்காட்டுக்கு என் வகுப்பைச் செடி சேகரிக்கக் கூட்டிப்போக அனுமதி கேட்டேன். பதினெட்டு மாணவர்கள், அதில் ஏழு பேர் பெண்கள். கமிட்டியில் பெரிய எதிர்ப்பு. வயதுப் பெண்களைக் காட்டுக்கு அனுப்புவதா என்றார்கள். பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நீங்களும் கூட வந்தீர்கள். முந்தைய நாள் வகுப்பில் இரண்டு விதிகள் சொன்னீர்கள். யாரும் தனியாகப் போகக் கூடாது. வழி தவறினால் நின்ற இடத்திலேயே உட்கார வேண்டும். "ஒக்காந்தீங்கன்னா நாங்க தேடி வந்துருவோம். நடந்தீங்கன்னா தேடுறவனும் தொலைஞ்சு போவான்."

பஸ் போகும் தூரம் வரை பஸ்ஸில் போய், ஊர்ச் சாவடியில் இரவு தங்கி, காலையில் நடந்தோம். பொன்னையா என்ற உருளைக்கிழங்கு விவசாயி வழிகாட்ட வந்தார். அவர் வீட்டில் சமைத்த சாப்பாட்டைப் பித்தளை அண்டாவில் போட்டுக் காவடிபோலத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். பத்து மணிக்குச் சோலைக்குள் இருந்தோம். நல்ல வெயில். பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செல்லத்தாயி ஓடி வந்தாள். "மிஸ், அந்தப் பக்கம் பாறையில ஒரு பெரணி கெடக்கு. இது வரைக்கும் பாத்ததே இல்ல. எடுத்துட்டு வந்துரவா?"

நான் காகிதங்களுக்கு நடுவே ஒரு பூவைச் சரியாக விரித்து வைப்பதில் மும்முரமாக இருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போயிட்டு வா," என்றேன். யாரோடு போகிறாய் என்று கேட்கவில்லை.

பனிமூட்டம் மேலிருந்து இறங்கிப் பார்த்திருக்கிறேன். அன்று அது கீழே பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. சத்தமே இல்லை. மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் தலை தெரிந்தது, பின்னல் நுனி தெரியவில்லை. எல்லோரையும் கூப்பிட்டுக் கூட்டி, ஒவ்வொருவர் தோளாகத் தொட்டு எண்ணினேன். பதினேழு. மறுபடி எண்ணினேன். பதினேழு. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு பத்து.

அப்போதுதான் வெள்ளைக்குள்ளிருந்து உங்கள் குரல் வந்தது. "எல்லாரும் இருக்காங்களா மிஸ்?"

"இருக்காங்க சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதோ வந்துவிடுவாள், இன்னும் ஒரு நிமிடம், என்று நினைத்தேன். தனியாக அனுப்பியது தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று நினைத்தேன். பெண்களைக் கூட்டிப்போகாதே என்றவர்கள் முகம் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு நிமிடம் போனது. வரவில்லை. இப்போது சொன்னால், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்பார்களே என்ற பயம் சேர்ந்துகொண்டது. ஐந்து நிமிடம் ஆனதும் அது இன்னும் பெரிதானது. சொல்ல வேண்டிய விஷயம் ஒவ்வொரு நிமிடமும் கனத்துக்கொண்டே போனது.

பாறை இருந்த பக்கமாக நாலு அடி நடந்து, "செல்லத்தாயி," என்று கூப்பிட்டேன். சத்தமாகக் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்டுவிடும் என்று மெதுவாகக் கூப்பிட்டேன், சார். வகுப்பறையில் பேசும் குரலில். மூட்டம் அதை என் வாய்க்கு அருகிலேயே விழுங்கிவிட்டது.

அவள் தோழி ஒருத்தி வந்து கேட்டாள். "மிஸ், செல்லத்தாயி எங்க?"

"சாரோட அந்தப் பக்கம் இருக்கா," என்றேன்.

ஒரு மணிக்குப் பொன்னையா இலை போட்டார். மாணவர்களுக்குப் பதினெட்டு இலை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஒரு இலை சும்மா கிடந்தது. நீங்கள் அந்த இலையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் பக்கத்தில் வந்து நின்றேன்.

"சார், செல்லத்தாயி இல்ல."

நீங்கள் திட்டவில்லை. உங்கள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை மட்டும் பார்த்தேன். "கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"பன்னெண்டரை இருக்கும் சார்."

"எந்தப் பக்கம்?"

கை காட்டினேன். பொன்னையா அந்தத் திசையைப் பார்த்துவிட்டு இலைக்கட்டைக் கீழே போட்டார். "ஐயா, அந்தப் பாறைக்கு அங்கிட்டு நெலமே இல்லீங்க. கால வச்சா காலுதான் போகும், தரை வராது."

பிள்ளைகளில் இரண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள். நாலு பையன்கள் தேடக் கிளம்பினார்கள். "ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது!" என்று நீங்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அண்டாவில் இருந்த சோற்றை இலைகளில் கொட்டச் செய்து, காலி அண்டாவைக் கயிறு கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டீர்கள். பொன்னையாவின் அரிவாளைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்தால் ஓங்கி அடித்தீர்கள். அந்த ஓசை பள்ளத்துக்குள் போய்த் திரும்பி வந்தது. அடித்துவிட்டுக் கையைத் தூக்கினீர்கள். யாரும் மூச்சு விடவில்லை. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஒரு அடி.

"தொடர்ந்து அடிச்சா என்ன சார்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"கடல்ல மூட்டம் வந்தா மணி அடிக்கிறது பாதி வேலைதான்டா தம்பி. மீதி, வாய மூடிட்டுக் கேக்கறது."

அப்படி மூன்றரை மணி நேரம். நடுவில் நீங்களும் பொன்னையாவும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாறை விளிம்பு வரை ஊர்ந்து போய் வந்தீர்கள். ஒவ்வொரு முறையும் கயிற்றின் இந்த முனையைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன். அவள் அப்பாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். எந்த வாக்கியத்தையும் முடிக்க முடியவில்லை. ஒருமுறை நீங்கள் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றபோது உங்கள் உதடுகள் அசைவதைக் கவனித்தேன். ஏதோ உத்தரவு சொல்கிறீர்கள் என்று நெருங்கினேன். "முருகா... முருகா..." என்று அடிவாரத்துப் பிள்ளையாக முணுமுணுத்துக்கொண்டிருந்தீர்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. அதுவரை நீங்கள் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று உள்ளே ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்குக் காற்று திரும்பியது. அண்டா ஓசை அடங்கிய பிறகு, ஆட்டுக்குட்டி கத்துவதுபோலக் கீழே ஒரு சத்தம். பொன்னையாதான் முதலில் கேட்டார். "ஐயா! கொரல்!"

பொன்னையா கயிற்றில் இறங்கினார். மறுமுனையை உங்கள் இடுப்பில் சுற்றி, மரத்தில் காலை உதைத்து உட்கார்ந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் ஆறு பையன்கள். ஐந்தரை மணிக்கு வெளிச்சம் மங்கும்போது செல்லத்தாயி மேலே வந்தாள். பாறையை விட்டு ரொம்பத் தள்ளி, பதினைந்து அடிக்குக் கீழே ஒரு திட்டில் விழுந்து கிடந்திருக்கிறாள். வலது கால் முறிந்திருந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது. கையில் அந்தப் பெரணி வேரோடு இருந்தது.

பொன்னையா வீட்டில் நெருப்பு மூட்டினார்கள். அவளைச் சுற்றிக் கொண்டுவந்த உங்கள் கோட்டை அடுப்புக்கு முன்னால் காயப் போட்டார்கள். பொன்னையாவின் மனைவி சுக்குத் தண்ணீர் கொடுத்தார். பேச்சு வந்ததும் செல்லத்தாயி உங்களிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"நீங்க சொன்ன மாதிரி ஒக்காந்துதான் இருந்தேன் சார். மூட்டம் வந்ததுமே ஒரு மரத்தடியில ஒக்காந்துட்டேன். ரொம்ப நேரம். ஒரு சத்தமும் வரல. என்னைய விட்டுட்டு எல்லாரும் போயிட்டீங்கன்னு நெனச்சு எந்திரிச்சு நடந்துட்டேன். விழுந்து கெடக்கையிலதான் மொத மணிச் சத்தம் கேட்டுச்சு. அப்பறம் கத்திக் கத்திப் பாத்தேன், ஒங்களுக்குக் கேக்கல."

நீங்கள் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கோட்டிலிருந்து ஆவி எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை என் மூக்கில் ஏறியது அப்போதுதான். பத்து நிமிடத்துக்குள் அந்த மணி அடித்திருந்தால் அவள் மரத்தடியிலேயே இருந்திருப்பாள். அது எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

மறுநாள் காய்கறி லாரியில் வைக்கோல் பரப்பி அவளைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். அதற்கடுத்த வாரம் ராஜினாமாக் கடிதத்தோடு உங்கள் அறைக்கு வந்தேன். தனியாகப் போகவிட்டது என் தப்பு என்று எழுதியிருந்தேன். அதைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை. படித்துவிட்டு மடித்து மேஜை மேல் வைத்தீர்கள்.

"யுத்த சமயத்துல ஒரு தடவை இதே மாதிரி மூட்டம் மிஸ். நான் சின்ன ஆபீசர். மேல காவலுக்கு நின்னவன் முந்தின நாள் ஏதோ சத்தம் கேக்குதுன்னு சொல்லி, அது ஒண்ணுமில்லன்னு ஆயிருச்சு. எல்லார் முன்னாடியும் நான் அவனத் திட்டினேன். மறுநாளும் அவனுக்கு ஒரு சத்தம் கேட்டிருக்கு. சொல்லல. தண்ணியில விழுந்த நம்ம ஆளு ஒருத்தன் கத்தின சத்தம் அது. பின்னால அவனே எங்கிட்ட வந்து அழுதான். 'திட்டுவீங்கன்னு பயந்துட்டேன் சார்'னான்." கடிதத்தின் மடிப்பை விரலால் நீவினீர்கள். "செத்தவன் மொகம் எனக்கு மறந்துருச்சு மிஸ். அழுதவன் மொகம் மறக்கல. என்னப் பாத்து ஒருத்தரும் பயப்படக் கூடாதுன்னுதான் இந்த வேலைக்கே வந்தேன்."

பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டீர்கள். "எங்கிட்ட இன்னும் ஏதாவது சொல்லணுமா மிஸ்?"

நீங்கள் வழி திறந்துதான் வைத்திருந்தீர்கள். ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

"இல்ல சார்," என்றேன்.

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

கமிட்டி விசாரித்தது. நீண்ட மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். அந்தப் பெண்ணைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். பன்னிரண்டரை என்றேன். எத்தனை மணிக்குப் பிரின்சிபாலிடம் சொன்னீர்கள் என்றார்கள். ஒரு மணிக்கு என்றேன். அரை மணி ஏன் தாமதம் என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். நீங்கள் எழுந்தீர்கள்.

"எண்ணிப் பாக்க வேண்டியது என் சோலி. நான் எண்ணல. கேட்டதோட நிறுத்திக்கிட்டேன். எழுதிக் குடுத்த பொறுப்பும் என்னோடது. இந்தம்மா மேல நடவடிக்கை எடுத்தா நான் இன்னைக்கே போயிர்றேன்."

என்மேல் நடவடிக்கை இல்லை. வருட முடிவில் உங்கள் நியமனத்தை நீட்டிக்கவில்லை. அதற்குள் நீங்கள் ஒரு காரியம் செய்து முடித்திருந்தீர்கள். படித்தது போதும் என்று சொன்ன செல்லத்தாயியின் அப்பாவைப் பார்க்க மூன்று தடவை பள்ளங்கிக்கு இறங்கினீர்கள். மூன்றாவது தடவை நானும் கூட வந்திருந்தேன். "நடக்க முடியாத பிள்ளைய எப்படிங்க அனுப்புறது?" என்று அவர் கேட்க, நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். என்னோடு தங்கட்டும் என்று நான் சொன்னேன். மூன்று மாதம் என் அறையில், என் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் படுத்திருந்தாள். கட்டுப் போட்ட காலோடு பரீட்சை எழுதினாள்.

நீங்கள் பழனிக்கு இறங்கிப் போனீர்கள். நான் சில வருடம் கழித்துச் சமவெளியில் ஒரு பெண்கள் கல்லூரிக்குப் போனேன். கடைசி ஒன்பது வருடம் அங்கே பிரின்சிபாலாகவும் இருந்தேன். காலையில் ஆசிரியர் அறைக்குப் போய் உங்கள் கேள்வியைத்தான் கேட்பேன். முதல் வருடம் ஒருவரும் பதில் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் ஆய்வகத்தில் அமிலக் குப்பியை உடைத்த ஒரு சின்னப் பெண், ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள், பதறிக்கொண்டு ஓடி வந்து சொன்னாள். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அவளுக்கு இருந்த தைரியம் எனக்கு ஏன் இல்லாமல் போனது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒருமுறை உங்களிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துப் பழனிக்கு வந்தேன். உங்களுக்கு அப்போது எழுபது இருக்கும். மெலிந்திருந்தீர்கள். நீங்களே காப்பி போட்டுக் கொடுத்தீர்கள். கல்லூரியைப் பற்றி, செல்லத்தாயியின் பள்ளிக்கூட வேலையைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "வேற ஏதாவது சொல்லணுமா மிஸ்?" என்றீர்கள்.

"இல்ல சார். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்து வந்து, பஸ் நகரும் வரை நின்றீர்கள். அடுத்த வருடம் செய்தித்தாளில் உங்கள் படத்தைப் பார்த்தேன்.

போன மாதம் பள்ளங்கிக்குப் போனேன். செல்லத்தாயி அதே ஊர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறாள். கால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். பூண்டுத் தோட்டத்தை அவளே பார்த்துக்கொள்கிறாள். எனக்கும் காலம் அதிகம் இல்லை என்பதால், அவளிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். களத்தில் பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரவைத்தாள். ஒரே மூச்சில் சொன்னேன். பன்னிரண்டு பத்துக்கே எனக்குத் தெரியும், ஐம்பது நிமிடம் மறைத்தேன், மெதுவாகக் கூப்பிட்டேன், எல்லாம்.

அவள் பூண்டை ஆய்வதை நிறுத்தவில்லை. "தெரியும் மிஸ்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஆஸ்பத்திரியில வச்சு சார் கேட்டாரு. 'மரத்தடியில ஒக்காந்திருந்தப்ப என்னம்மா செஞ்ச?'ன்னு. பயம் தெரியாம இருக்க நூறு நூறா எண்ணிக்கிட்டு இருந்தேன் சார்னேன். 'எத்தன நூறு?'ன்னாரு. முப்பது முடிச்சேன், அதுக்கப்பறந்தான் எந்திரிச்சேன்னேன். கொஞ்ச நேரம் கண்ண மூடிக் கணக்குப் போட்டாரு. 'அம்பது நிமிசம். மொத மணி அடிச்சது ஒரு மணிக்கு. அப்ப நான் மிஸ்கிட்ட, எல்லாரும் இருக்காங்களான்னு கேட்டப்பவே நீ அங்க இல்ல'ன்னாரு."

என் கை முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"கமிட்டில கேட்டா நான் சொல்லணுமா சார்னு கேட்டேன் மிஸ். 'வேணாம்மா. மிஸ் பயந்து போயிருக்காங்க. பயம் தெளிஞ்சதும் அவங்களே எங்கிட்ட வந்து சொல்லுவாங்க. அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் சொல்லாத'ன்னாரு. பின்னால ரெண்டு தடவ அவரப் பாக்கப் போயிருந்தேன். ரெண்டு தடவையும், மிஸ் ஏதாச்சும் சொன்னாங்களான்னு கேட்டாரு."

"என் அறையில மூணு மாசம் இருந்தியே," என்றேன். "ஒரு நாள்கூட எம்மேல உனக்குக் கோவம் வரலையா?"

"வந்துச்சு மிஸ். ரொம்ப வந்துச்சு. ஆனா சாரே காத்துக்கிட்டு இருக்காரே, நாம என்னன்னு இருந்துட்டேன்."

வீட்டுக்கு வந்து ஒரு மாதமாக உங்கள் இரண்டு கேள்விகளையும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டது ஒன்று, வாசலில் நின்று கேட்டது ஒன்று. இரண்டு முறையும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களைப் பார்த்து ஒருவரும் பயப்படக் கூடாது என்று வந்த உங்களை, கடைசி வரை பயந்தவளாகவே நான் அனுப்பிவைத்துவிட்டேன். இதைத்தான் நான் இன்னும் சுமக்கிறேன். இறக்கி வைக்க இடம் இல்லை.

ஆகவே இப்போது சொல்கிறேன், சார். பன்னிரண்டு பத்துக்கு எண்ணினேன். பதினேழு பேர்தான் இருந்தார்கள். எனக்குத் தெரியும். பயம் இன்னும் தெளியவில்லை. தெளியட்டும் என்று இனியும் காத்திருந்தால் இதுவும் முடியாமல் போகும் என்பதால், பயத்தோடேயே சொல்கிறேன்.